ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மிருகம்

அந்த நர்சம்மா எங்கள் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் வரை, அவர் ஓயாமல் ஜெபம் செய்கிறவர் என்றே நினைத்திருந்தேன். எதிரில் யார் பேசினாலும் அவருடைய வலது கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். வில்லியனூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் என்று தெரியும். கையில் ஜெபமாலை இல்லாமலேயே மணி உருட்டுகிறார் போல என்று எண்ணி, அவர் பக்கத்தில் இருக்கும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஒருநாள் மருந்து வாங்க வந்தவரிடம் மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். நர்சம்மா தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னார்.

"கம்பவுண்டர், ரெண்டு மாத்திரைய பத்தி சொல்றதுக்குள்ள பதினோரு தடவ 'வந்து' போட்டீங்க."

அவர் எண்ணிக்கொண்டிருந்தது சொற்களை. என் பேச்சில் 'வந்து', டாக்டர் பேச்சில் 'அதாவது', வாட்ச்மேன் பேச்சில் எழுத முடியாத ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. அதில் கேலி கிடையாது. மற்ற நர்சுகள் நாடி பார்ப்பதுபோல இவர் பேச்சைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிக்கக் கூடாதென்ற வைராக்கியம் ஒன்றும் இல்லை. நாம் ஒன்றைச் சொல்லி முடிக்கும்போது, அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று காத்திருப்பார். சிரிப்பதற்கு அவருக்கு இடைவெளியே கிடைக்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நர்சம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருப்பார், விநாடி முள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக. அந்த முள்ளுக்கு வேலை வந்தது, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு இளம் டாக்டர் எங்களைத் தேடி வந்த பிறகுதான். வயதானவர்களுக்கு மறதி நோய் வருவதற்கு வெகுமுன்பே அது பேச்சில் தெரிந்துவிடும், சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம் என்றார். பாகூர் கொம்யூன் என்கிற எங்கள் வட்டாரத்தில் சில ஊர்களில் கேட்டுப் பார்க்கவேண்டும், பொறுமையான ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நர்சம்மாவைக் கை காட்டினோம். எங்கள் சொற்களை எண்ணுவதிலிருந்து அவர் விடுபட்டால் போதும் என்றிருந்தது எங்களுக்கு.

டாக்டர் கொடுத்த கேள்வித்தாள் எங்கோ வெளிநாட்டில் தயாரானது. யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தமிழில் பெயர்த்திருந்தார். பரீட்சிக்கப்படுகிறவர் திருப்பிச் சொல்லவேண்டிய வாக்கியம் இது: 'ஆனால்களும் இல்லை, ஆகையால்களும் இல்லை.' முதல் நாள் பாகூரில் எழுபது வயதுக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அவங்க ரெண்டு பேரும் எங்க போயிட்டாங்க என்று கவலையோடு கேட்டார். காணாமல்போன பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார்.

படங்கள் இன்னும் மோசம். ஒரு படத்தில் பனிக்கட்டியால் கட்டிய வீடு. வெள்ளையாக, வட்டமாக, கவிழ்த்து வைத்ததுபோல. அன்றைக்கு வந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் அதை இட்லி என்றார்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் கூர்ந்து பார்த்து, வாசல் மாதிரி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, யாரோ கடிச்சிட்டு வெச்ச இட்லி என்றார். காற்றை இழுத்து வாசிக்கும் துருத்திப்பெட்டி ஒன்றின் படம் இருந்தது. அதற்குக் கிடைத்த பதில்கள் மடித்த பாய், நசுங்கிய பஸ், முறுக்குப் பாக்கெட்.

தாளின்படி பார்த்தால் பன்னிரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது. அன்று மாலை நர்சம்மா டாக்டருக்குக் கடிதம் எழுதினார். தபாலில் சேர்ப்பதற்காக என்னிடம் கொடுத்ததால் படித்தேன். 'ஒன்று பாகூரில் எல்லோருக்கும் புத்தி தவறியிருக்கவேண்டும். அல்லது இந்தத் தாளுக்கு. தாளுக்கு என்று நினைக்கிறேன்.' டாக்டர் நல்லவர். உங்கள் ஊருக்குத் தக்கபடி நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டார்.

நர்சம்மா தானே படம் வரைய உட்கார்ந்தார். அவருக்கு எத்தனையோ திறமைகள் உண்டு. படம் வரைவது அதில் சேராது. ஆடு ஒன்றை இரண்டு நாள் வரைந்தார். புல்கூட வரைந்தார். முதலில் அதைப் பார்த்த பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நாற்காலி மேயுதும்மா" என்றார்.

நர்சம்மா அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று உண்மையாகவே குழம்பினார். என்னிடம் படத்தை நீட்டி இது என்ன என்றார். மேஜை என்றேன். வாட்ச்மேன் கயிற்றுக்கட்டில் என்றார். அதன்பிறகு அவர் படத்தை விட்டுவிட்டு ஒரு துணிப்பையில் நிஜமான பொருள்களையே எடுத்துப்போக ஆரம்பித்தார். பூட்டு, சீப்பு, கரண்டி, பம்பரம், டார்ச் லைட். வித்தைக்காரர்போல ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இதன் பேர் என்ன என்பார். சாமான் விற்க வந்தவர் என்று நினைத்துச் சிலர் கரண்டிக்கு விலை கேட்டார்கள்.

தாளில் இருந்த கேள்விகளில் நர்சம்மா மாற்றாமல் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரு நிமிஷத்தில் உங்களுக்குத் தெரிந்த மிருகங்களின் பெயரையெல்லாம் சொல்லவேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். எங்கள் கொம்யூனை அது படுத்தியபாடு கொஞ்சமல்ல.

மாடு வளர்க்கும் ஒரு அம்மாளிடம் கேட்டபோது, அவர் மாடு என்று ஆரம்பித்தார். எந்த மாடு என்று அவரே கேட்டுக்கொண்டு, செவலையை எப்போது பிடித்து வந்தார்கள், அது யாரை முட்டியது, அதன் கன்றை யார் கொண்டுபோனார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிமிஷம் முடிந்துவிட்டது. மொத்தம் ஒரு மிருகம். நர்சம்மா ஒன்று என்றே எழுதினார். பக்கத்தில் சிறிய எழுத்தில் இப்படியும் எழுதினார்: 'இவருக்கு ஒரு குறையும் இல்லை. நிமிஷம்தான் சிறியது.'

ஒரு தடவை தன் சொந்த ஊர்ப் பக்கம் போய்க் கேட்டபோது, மாதா கோயில் மணி அடிக்கும் பெரியவர் பதினான்கு மிருகம் சொன்னார். நர்சம்மா பதினான்கு என்று எழுதினதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நோவா பேழையில் எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாகத்தானே ஏற்றினார், அதனால் இருபத்தெட்டு போடவேண்டும் என்று வாதாடினார். நர்சம்மா பைபிளைச் சிறு வயதிலிருந்து படித்தவர். அந்த வாதத்தை அவரால் உடனே தள்ளமுடியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். கேட்கவும் செய்தார். சாமியார் சிரித்தாராம். அது நர்சம்மாவுக்கு வருத்தம்.

சோரியாங்குப்பத்தில் நடந்ததுதான் உச்சம். நர்சம்மா வருகிற செய்தியோடு கூடவே, இந்தப் பரீட்சையில் தவறுகிறவர்கள் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற வதந்தியும் போய்ச் சேர்ந்திருந்தது. ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர் டீக்கடைப் பக்கம் வேப்பமரத்தடியில் டியூஷன் ஆரம்பித்துவிட்டார். மாலையில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாம் சுற்றி உட்கார, அவர் சொல்லச்சொல்ல எல்லோரும் கூடச் சொல்வார்களாம்.

நர்சம்மாவும் நானும் போன அன்று முதல் ஆள் முப்பது மிருகங்களை மூச்சு விடாமல் சொன்னார். சிங்கம், புலி, கரடி, யானை என்று ஆரம்பித்து. இரண்டாவது ஆளும் முப்பது, அதே வரிசையில். மூன்றாவது ஒரு அம்மாள், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"சிங்கம், புலி, கரடி, யானை, எரும, கழுத, தள்ளி ஒக்காரு, குதிர, ஒட்டகம்..."

நர்சம்மா நிறுத்தினார். கழுதைக்கு அப்புறம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். தள்ளி ஒக்காரு என்றார் அந்த அம்மாள், உறுதியாக. அது எப்படியிருக்கும் என்று நர்சம்மா கேட்டார். தான் பார்த்ததில்லை, காட்டில் இருக்கும் என்றார் அவர். டியூஷனில் யாரோ நெருக்கியடித்து உட்கார்ந்தபோது தலையாரி போட்ட அதட்டல் பாடத்தோடு சேர்ந்துபோயிருந்தது. அன்று சோரியாங்குப்பத்தில் 'தள்ளி ஒக்காரு' ஐந்து பேர் வாயிலிருந்து வந்தது. நான் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். நர்சம்மா ஐந்து தாளிலும் அந்த மிருகத்தை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவர் ஒன்று சொன்னார். மனப்பாடத்தை நோய் கடைசியில்தான் தொடும், அதனால் ஒப்பிக்கிறதை வைத்து ஆளை நம்பக் கூடாது, சும்மா பேசும்போதுதான் கேட்கவேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். வதந்தி பாகூருக்கு வராமல் இருக்கவேண்டுமே என்பதுதான் எனக்கு அப்போதைய கவலை.

வீட்டில் வேறொரு கவலை இருந்தது. என் மாமனாரும் மாமியாரும் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். மாமனார், பாகூரிலிருந்து பாண்டிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். பேச்சென்றால் அவர் பேச்சுதான். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த இடத்தில் கூட்டம் கூடும். மாமியாருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், அவரை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிடமாட்டார். நடுவில் நடுவில் வெட்டுவார். அந்த அம்மாவோட வாய் இருக்குதே என்று சொந்தக்காரர்களே முகத்தைச் சுளிப்பார்கள்.

கவலை மாமியாரைப் பற்றித்தான். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். சாவியை அரிசிப் பானையில் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடினார். என் பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். அம்மாவுக்கு அந்த நோய்தான் என்று என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். நர்சம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பையோடு வந்தார்.

மாமியார் பயந்துபோய் உட்கார்ந்தார். பூட்டு, சீப்பு, கரண்டி எல்லாம் சரியாகச் சொன்னார். மிருகங்களில் ஆடு, மாடு, நாய், பூனை, குரங்கு என்று போய்க்கொண்டிருந்தவர், கொஞ்சம் திணறி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்து, இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நர்சம்மா சற்று யோசித்து, மனிதர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதியைச் சொன்னார். அவர் இல்லாமலே பதினேழு வந்தது. நன்றாகவே இருக்கிறார் என்றார் நர்சம்மா.

மாமனாருக்குக் கை துறுதுறுத்தது. எனக்கும் வையுங்கள் பரீட்சை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளகுப்பம், அரியாங்குப்பம் என்று முப்பது வருஷம் கூவிய அதே ராகத்தில் முப்பத்திநான்கு மிருகங்களைக் கூவினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நர்சம்மா எதையும் எழுதவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், சும்மா சொல்லுங்கள் என்றார்.

"காலைல எழுந்து, அத எடுத்துக்கினு..."

"வேப்பங்குச்சி," என்றார் மாமியார்.

"இதாண்ட போயி..."

"கெணத்தாண்ட."

நர்சம்மா கையை உயர்த்தினார். மாமியார் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது," என்றார்.

என் மனைவி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் யாருக்கும் வராத துணிச்சல் அது. மாமியார் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மாமனாரும் சிரித்தார். பிறகு, தடை நீங்கிய உற்சாகத்தோடு, கையை விரித்து, கண்ணை உருட்டி, கல்யாண வீட்டில் சொல்வதுபோலவே சொன்னார்.

"காலைல எழுந்து அத எடுத்துக்கினு இதாண்ட போனேன். அத முடிச்சனா, அந்த இவரு வந்தாரு. அவருகிட்ட அதப்பத்திப் பேசிக்கினு இருந்தேன். அதுக்குள்ள அது வந்துச்சு. அத குடிச்சிட்டு, இத போட்டுக்கினு, அங்க போயிட்டு வந்தேன்."

நாங்கள் முதலில் சிரித்தோம். அவர் வேண்டுமென்று செய்கிறார் என்றே நினைத்தோம். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார் நர்சம்மா. மறுபடியும் அதுதான் வந்தது. ஒரு பொருளுக்கும் பெயர் இல்லை, ஒரு ஆளுக்கும் பெயர் இல்லை. ஒவ்வொரு 'அது'வுக்கும் அவர் கண் மாமியார் பக்கம் போய் ஒரு கணம் நின்றது. மாமியார் முந்தானையை இன்னும் எடுக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்திருந்தது. பிள்ளைகள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து நிமிஷம் முடிந்தது என்று நர்சம்மா சொன்னதும் மாமியார் முந்தானையை எடுத்தார்.

"ரெண்டு வருஷமா இப்டிதாம்மா. பேச்சுல நின்னுடுவாரு. நாலு பேரு எதுர்ல நிக்கக் கூடாதேன்னு நான் எடுத்துக் குடுப்பேன். வாயாடின்னு சொல்லிட்டுப் போறாங்க. ரெண்டு ஆளு பேச்ச நானே பேசிக்கினு இருந்தா, உப்பு போட்டனா இல்லியான்னு எங்க ஞாபகம் இருக்கும்?"

என் மனைவி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கல்யாணங்களில் அவரைப் பார்த்து முகம் சுளித்த சொந்தக்காரர்களில் நானும் ஒருவன்.

நகரத்து டாக்டர் பார்த்துவிட்டு, ஆரம்பம்தான், ஆனால் அதுதான் என்றார். நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்றார். மாமனாரிடம் சொல்லவேண்டாம், ஏதோ பலவீனம் என்று வைத்துக்கொள்வோம் என்று நாங்கள் முடிவு செய்தோம். நர்சம்மா அதை ஏற்கவில்லை. அவருடைய பேச்சு, அவருக்குத் தெரியவேண்டாமா என்றார். வீட்டுக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, செய்தி வாசிப்பதுபோலச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்குப் பேருங்க நழுவுது. இன்னும் நழுவும்."

மாமனார் நாற்காலியை நர்சம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, எனக்கு என்ன மார்க் போட்டீர்கள் என்று கேட்டார். பெயில் என்றார் நர்சம்மா. என் சம்சாரத்துக்கு என்று கேட்டார். பாஸ் என்றார்.

"அப்ப பரவால்ல. வூட்ல ஒருத்தரு பாசானா போதும்."

அவர் சனிக்கிழமைதோறும் பாண்டிக்கு பஸ்ஸில் தனியாகப் போய்வருவது வழக்கம். தன் கீழ் வேலை கற்றுக்கொண்ட கண்டக்டர்களின் வணக்கத்தை வாங்கிக்கொண்டு, கடற்கரை வரை நடந்துவிட்டு வருவார். என்றைக்காவது இறங்கிய இடம் தெரியாமல் நிற்கப்போகிறார் என்று நர்சம்மா எச்சரித்தார். போவதை நிறுத்தச் சொல்லவில்லை, கூட ஆள் போகட்டும் என்றார். அப்படித்தான், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர பஸ் ஏறாத என் மாமியார் சனிக்கிழமைப் பயணியானார். மூன்றாவது வாரத்திலிருந்து அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கண்டக்டர் ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்வதில்லை என்று அவரையும் திருத்த ஆரம்பித்தார்.

நர்சம்மா மாதம் ஒருமுறை வந்து கேட்பார். முப்பத்திநான்கு இருபதாயிற்று. இருபது ஒன்பதாயிற்று. ஒரு மழைக்காலத்தில் நான்கில் வந்து நின்றது. மாமனார் அந்த நான்கையும் சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல நர்சம்மாவைப் பார்ப்பார். சரி என்று ஒருநாளும் அவர் பொய் சொன்னதில்லை. நாலு, போன மாசம் அஞ்சு என்பார். மாமனாருக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அவர் வரும் நாளன்று சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வார்.

இரண்டாம் வருஷம் கோடையில் நகரத்து டாக்டர் கையில் ஒரு தாளோடு, வெயிலில் வியர்த்து, என் மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டார். நர்சம்மாவும் நானும் அப்போது அங்கேதான் இருந்தோம். தாளில் மாமனார் பெயருக்கு நேரே, நர்சம்மா கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி: 'பெயர் சொல்லுதல், தவறியது.' இரண்டாவது: 'மனைவியோடு சேர்த்துக் கேட்டால், முழு மதிப்பெண்.'

இது என்ன என்று டாக்டர் கேட்டார். எந்தத் தாளிலும் நர்சம்மா இதுவரை இப்படி எழுதியதில்லை, தவறு நேர்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் வந்ததாகவும் சொன்னார். தவறு இல்லை, கேட்டதைத்தான் எழுதினேன் என்றார் நர்சம்மா.

மாமனார் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே திரும்பி, "அவருக்கு அத குடு," என்றார்.

மாமியார் ஒரு சொம்பு மோரோடு வந்தார். மாமனார் ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டருக்கு ஆச்சரியம். எதைச் சொல்கிறார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாமியாரைக் கேட்டார்.

"வேகாத வெயில்ல வந்துருக்கீங்க தம்பி. வேற இன்னா குடுக்க சொல்லுவாரு?"

டாக்டர் மோரைக் குடித்து முடித்தார். பிறகு தாளை மடியில் விரித்து, சிஸ்டர், நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் இதில் ஒரு ஆளுக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது, இரண்டு பேரைச் சேர்த்து எழுதக் கட்டம் இல்லை, நான் என்ன செய்வது என்றார்.

நர்சம்மா பைக்குள் கைவிட்டுத் துழாவினார். பூட்டையும் கரண்டியையும் ஒதுக்கிவிட்டு, ஒரு மரஸ்கேலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இல்லன்னா கோடு போட்டுக்குங்க, சார்."